செயின் மாற்றிய பிறகு வண்டி நடுங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டவும்.)



நான் எழுந்து நின்றாலே கடன், வட்டி, தணிக்கை என்று ஆரம்பித்துவிடுவேன் என நினைப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. இன்றைக்குப் பேசப்போவது வாசலில் நிற்கிற நம்ம வண்டிகளைப் பற்றி.

உள்ளே வரும்போது கொஞ்சம் நின்று பார்த்தேன். வாசல் வேப்பமரத்தடியில் வரிசையாக வண்டி. எக்ஸ்எல் இருக்கிறது, ஸ்கூட்டர் இருக்கிறது, வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு ஆரம்பித்தவர்கள். அந்த அம்மாக்களின் பெண்கள்தான் இன்றைக்கு வண்டியில் பூ எடுத்துக்கொண்டு கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் போகிறோம், பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம்.

ஆனால் ஒரு விஷயம். அம்மாவுக்குச் சைக்கிள் செயின் கழன்றால் தானே மாட்டத் தெரியும். கையில் கறுப்பு மை ஆகும், மண்ணைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடும். எனக்கு, சமூகப்பணி பட்டம் வாங்கிய எனக்கு, மோட்டார் சைக்கிள் செயின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட மூன்று வருடம் தெரியாது. ஓட்டக் கற்றுக்கொண்டேன். வண்டியைத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால் என்ன ஆச்சு என்பதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

நடந்தது என்ன?

நான் ஓட்டுவது அலுவலகத்தின் 100 சி.சி. மோட்டார் சைக்கிள். நாலு ஊர், ஐந்து ஊர் என்று சுற்றுகிற வண்டி. செயின் தேய்ந்து, வேகத்தடையில் ஏறினாலே கவரில் இடித்து 'கடகட' என்று கத்தியது. டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன். சாயந்திரம் போய்ப் பணம் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆலங்குடி தாண்டி வடகாடு ரோட்டில் போகும்போதே வித்தியாசம் தெரிந்தது. கால் வைக்கிற கம்பியில் குறுகுறு என்று நடுக்கம். சீட்டில் தெரிந்தது. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து போகப் பார்த்தது. நேராகப் போக நான் ஹேண்டில்பாரை வலது பக்கம் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. மறுநாள் பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "புதுச் செயின்னா அப்படித்தாம்மா இருக்கும், ஓட ஓட சரியாயிரும்" என்றார்கள்.

நானும் சரி என்று வைத்துவிட்டேன். ஏன்? 'எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும், அவங்க தொழில்காரங்க' என்ற எண்ணம். இன்னொரு பக்கம், 'பொம்பளை ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு வண்டியக் குறை சொல்லுது' என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். நாலு நாள் அப்படியே ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒரு குழுவின் ஊக்குநர் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினேன். ரெண்டு பேர் உட்கார்ந்ததும் நடுக்கம் அதிகமாகி, செயின் கவருக்குள்ளிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம். எதிரே ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. பின் பிரேக்கை மிதித்தேன். கீழே 'டக்' என்று ஏதோ இடித்தது. பின்சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கொண்ட மாதிரி இழுத்து, வண்டி கோணிக்கொண்டு ரோட்டோரப் புழுதியில் போய் நின்றது. மெதுவாகப் போனதால் விழவில்லை. அக்கா இறங்கி, சேலையை உதறிவிட்டு, ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க: "இது முன்னாடியே ஒனக்குத் தெரியுமா பாப்பா?"

தெரியும். நாலு நாளாகத் தெரியும். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. அங்கே இருந்த பெரியவர் வண்டியை டபுள் ஸ்டாண்டு போட்டு, ஒரு சாமானும் எடுக்காமல், குனிந்து பார்த்தே மூன்று குறை சொன்னார். செயின் ரொம்ப டைட். பின்சக்கரம் கோணலாக மாட்டியிருக்கிறது. பின் பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் நட்டை இறுக்கவே இல்லை, சும்மா விரலால் திருகிவிட்டிருக்கிறார்கள். இந்த மூன்றையும் பார்க்க எனக்குக் கண் போதும், பட்டறை வேண்டியதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அதை இன்றைக்கு நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் கேள்வி: கடைசியாக எதில் கை வைத்தார்கள்?

பிள்ளைக்குத் திடீரென்று வயிற்றுவலி என்றால் என்ன கேட்போம்? 'கடைசியா என்ன சாப்பிட்டே?' வண்டிக்கும் அதே கேள்விதான். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று நடுங்கினால், நேற்று எதைக் கழற்றி மாட்டினார்களோ அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜினைப் பிரிப்பது கடைசி.

செயின் செட் மாற்றும்போது எதையெல்லாம் கழற்றுவார்கள்? பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு ஆக்சில் நட்டைக் கழற்ற வேண்டும். பின் பிரேக் கம்பியையும், பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் பட்டையையும் கழற்ற வேண்டும். இரண்டு பக்கமும் உள்ள செயின் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். முன்னால் இன்ஜின் பக்கம் உள்ள சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். சக்கரத்துக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரும் வெளியே வரும். 'செயின் மாத்தினாங்க' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வண்டியின் பின்பாதி முழுக்கக் கழன்று திரும்ப மாட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒரு நட்டு தப்பினாலும் ஓட்டுகிறவருக்கு ஏதோ ஒரு வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது கேள்வி: எப்படி நடுங்குகிறது? எப்போது நடுங்குகிறது?

'வண்டி ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னால் மெக்கானிக்குக்கும் புரியாது. பிரித்துச் சொல்லப் பழகுவோம்.

குறுகுறு நடுக்கம்: கை மரத்துப்போகிற மாதிரி, கால் கம்பியில் தெரியும். வேகமாக அடிக்கிற நடுக்கம். இது இன்ஜினிலிருந்தோ செயினிலிருந்தோ வரும்.

குலுக்கல்: 'தட் தட் தட்' என்று மேலும் கீழும், அல்லது இடம் வலமாக. இது பெரும்பாலும் சக்கரத்திலிருந்து வரும். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 18 இன்ச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் ஒரு நொடிக்கு ஆறு சுற்று சுற்றும். அதே வேகத்தில் 100 சி.சி. இன்ஜின், டாப் கியரில், நொடிக்கு அறுபது எழுபது தடவை சுற்றும். அதனால்தான் சக்கரத்தின் குறை குலுக்கலாகத் தெரிகிறது, இன்ஜினின் குறை குறுகுறுப்பாகத் தெரிகிறது.

இழுப்பு: ஒரு பக்கமாகவே போகப் பார்ப்பது. அல்லது பின்பாகம் ஆடுவது, மாட்டின் முதுகில் உட்கார்ந்த மாதிரி.

வெட்டு: ஆக்சிலேட்டர் முறுக்கும்போதும் விடும்போதும் 'டக்' என்று ஒரு உதறல். செயின் ரொம்ப லூஸாக இருந்தாலோ, கப்ளிங் ரப்பர் நைந்திருந்தாலோ இது வரும்.

அடுத்தது, எப்போது? இதற்கு மூன்று சோதனை இருக்கிறது. வண்டி வராத வெறும் ரோட்டில், மெதுவான வேகத்தில் செய்யுங்கள்.

ஒன்று, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முறுக்குங்கள். நின்ற இடத்திலேயே அதே நடுக்கம் வந்தால் அது இன்ஜின் பக்கம். செயினைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்ச்சைப் பிடியுங்கள். நடுக்கம் உடனே நின்றால் இன்ஜினும், இன்ஜின் இழுக்கும்போது செயினில் விழும் இழுவையும்தான் காரணம். கிளட்ச் பிடித்த பிறகும் அதே குலுக்கல் தொடர்ந்து, வேகம் குறையக் குறையக் குலுக்கலும் குறைந்தால் காரணம் சக்கரத்தில் இருக்கிறது. எக்ஸ்எல் ஓட்டுகிறவர்களுக்குக் கிளட்ச் பிடி கிடையாது. நீங்கள் ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள்.

மூன்று, சுமையை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பூ மூட்டையோ பால் கேனோ ஒரு பக்கம் கனமாகத் தொங்கினாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அது வண்டியின் குறை இல்லை, நாம் கட்டிய முறை. டயரில் காற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். காற்று குறைந்த பின்டயர் வண்டியை ஆடவைக்கும். இந்த ரெண்டையும் பார்க்காமல் பட்டறைக்குப் போனால் வீண் செலவு.

ஒரு எச்சரிக்கை. இழுக்கிறதா என்று பார்க்க யாரும் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காதீர்கள். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாலே தெரிந்துவிடும்.

ஸ்டாண்டு போட்டுப் பார்க்க வேண்டியவை

இப்போது இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் டபுள் ஸ்டாண்டு போடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது செயின் பக்கம் கை போகவே கூடாது. பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் விரல் போனால் விரல் திரும்பாது. சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். சேலை முந்தானையை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

1. செயின் தொய்வு. கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்தால் கீழ்ப்பக்கச் செயின் தெரியும். நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான 100 சி.சி. வண்டிக்கு மொத்தம் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆட வேண்டும், அதாவது ஒன்றரை விரல் அகலம். உங்கள் வண்டிக்கு உரிய சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

லூஸாக இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். டைட்டாக இருந்தாலும் அதே அளவு கெடுதல். நாம் உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் அமுங்கும், பின்சக்கரம் மேலே வரும். அப்போது செயின் இன்னும் இறுகும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போதே வீணைக் கம்பி மாதிரி இருந்தால் ரெண்டு பேர் உட்கார்ந்த பிறகு இடமே இருக்காது. பேரிங்கைத் தின்னும், செயினே அறுந்துபோகலாம். அன்றைக்கு அக்கா ஏறியதும் என் வண்டி முனகியது இதனால்தான்.

2. ஒரே அளவாக இருக்கிறதா? சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் அதே மாதிரி தள்ளிப் பாருங்கள். ஒரு இடத்தில் லூஸ், ஒரு இடத்தில் டைட் என்று மாறிமாறி வந்தால், பல்சக்கரம் சரியாக உட்காரவில்லை, அல்லது சில கண்ணி இறுகிப்போயிருக்கிறது. ஓடும்போது இது விட்டுவிட்டு இழுப்பதாகத் தெரியும்.

3. இரண்டு பக்கக் கோடு. பின்சக்கர ஆக்சில் இருக்கும் இடத்தில், வண்டியின் இரண்டு பக்கமும் கோடு கோடாக அடையாளம் வெட்டியிருக்கும். இடது பக்கம் எத்தனையாவது கோட்டில் நிற்கிறதோ, வலது பக்கமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். என் வண்டியில் இடது பக்கம் மூன்று, வலது பக்கம் ஐந்து. சக்கரம் நேராகப் பார்க்காமல் கோணலாக நின்றது. அதை ஈடுகட்டத்தான் நான் நாலு நாள் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டினேன். கோணலாக நின்றால் செயினும் பல்சக்கரமும் ஒரு பக்கமாகத் தேயும். புதுச் செயின் சீக்கிரமே போய்விடும்.

கோட்டில் சந்தேகம் இருந்தால் நூல் பிடித்துப் பாருங்கள். கொத்தனார் நூல் பிடிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பின்டயரின் பின்பக்கம் நூலைச் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமாக முன்சக்கரம் வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டில் தட்டாத உயரத்தில், பின்டயரின் முன் ஓரத்தை நூல் தொட்டுக்கொண்டு போக வேண்டும். முன்டயரை நேராக வைத்துக்கொண்டால் நூலுக்கும் முன்டயருக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் விலகியும் இருந்தால் பின்சக்கரம் கோணல். அந்தச் சைக்கிள் கடைப் பெரியவர் பூக் கட்டுகிற நூலை வைத்துத்தான் எனக்கு இதைக் காட்டினார்.

4. ஆக்சில் நட்டு. இறுக்கமாக இருக்கிறதா? வண்டியைப் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, பின்டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். 'கடக்' என்று ஆடினால் நட்டு லூஸ், அல்லது பேரிங் போய்விட்டது, அல்லது புஷ்ஷை மாட்ட மறந்துவிட்டார்கள். இப்படி இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

5. பிரேக் தட்டைப் பிடிக்கும் பட்டை. டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டை பிரேக் தட்டையும் வண்டியையும் இணைத்திருக்கும். நாம் பிரேக் மிதிக்கும்போது அந்தத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அதன் நட்டு கழன்றால் தட்டு சுற்றும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். என் வண்டியில் அன்று 'டக்' என்று இடித்தது இதுதான். நட்டு முழுக்க இறுகியிருக்க வேண்டும். நட்டில் காட்டர் பின் போடுகிற ஓட்டை இருந்தால், அதில் பின் போட்டு முனையை வளைத்துவிட்டிருக்க வேண்டும். சகோதரிகளே, மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

6. பின் பிரேக் அளவு. பழைய செயின் தேயத் தேயச் சக்கரத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். புதுச் செயின் போட்டதும் சக்கரம் முன்னால் வந்துவிடும். அப்போது பிரேக் கம்பி லூஸாகி, மிதித்தால் வெகுதூரம் கீழே போகும். அதற்கு மாறாக, பிறகு செயினை டைட் பண்ணும் ஒவ்வொரு தடவையும் பிரேக் தானாக இறுகும். சக்கரம் லேசாகச் சுற்றாமல் உரசும், டிரம் சுடும், பெட்ரோல் குடிக்கும். ஆகவே செயினில் கை வைத்தால் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும். மிதித்தால் பின் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள்.

7. செயின் லாக். செயினின் இரண்டு முனையை இணைக்கிற இடத்தில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், பிளந்த முனை பின்னால் வர வேண்டும். மேல்பக்கச் செயினில் பார்த்தால் மூடிய முனை இன்ஜினைப் பார்த்திருக்கும். மாற்றி மாட்டினால் எங்காவது தட்டிக் கழன்றுவிட வாய்ப்பு உண்டு. ஓடும்போது செயின் கழன்று சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

8. பல்சக்கரம். 'செயின் மட்டும் மாத்தினா போதும், காசு மிச்சம்' என்று சில பேர் சொல்வார்கள். இது கணக்கில் உதைக்கும். செயின் ரப்பர் மாதிரி நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின் துளித்துளியாகத் தேய்கிறது. ஒரு கண்ணிக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே நூறு கண்ணிக்கு ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். பழைய பல்சக்கரம் அந்தத் தேய்ந்த செயினுக்குத் தகுந்த மாதிரி தானும் தேய்ந்து, பல் சுறாமீன் துடுப்பு மாதிரி வளைந்திருக்கும். அதில் புதுச் செயினைப் போட்டால் இரண்டும் பொருந்தாது. சத்தம் வரும், நடுங்கும், புதுச் செயினும் சீக்கிரம் தேயும். ஆகவே செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

பல் எண்ணிக்கையும் முக்கியம். முன்னால் 14 பல் இருக்க வேண்டிய வண்டிக்கு 13 பல் போட்டால், அதே வேகத்துக்கு இன்ஜின் நூற்றுக்கு ஏழெட்டு சுற்று அதிகம் சுற்ற வேண்டும். எல்லாம் சரியாக இறுக்கியிருந்தும் குறுகுறுப்பு போகவில்லை, வண்டி கத்துகிறது என்றால் பழைய பல்லையும் புதுப் பல்லையும் எண்ணிப் பாருங்கள். அதற்குத்தான் பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும்.

9. ரிம் கோட்டம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு குச்சியை ஆடாமல் பிடியுங்கள். ரிம் குச்சியைத் தொட்டும் விலகியும் போனால் கோட்டம். சைக்கிளில் பார்த்த அதே வேலைதான்.

இத்தனையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

தொழில் தெரிந்த மெக்கானிக் நமக்கு விரோதி இல்லை. நல்ல மெக்கானிக், விவரமாகச் சொல்கிற ஆளைத்தான் விரும்புவார். 'ஒரு மாதிரி இருக்கு' என்று சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "தம்பி, செயின் செட் மாத்தின அன்னையிலிருந்து இடது பக்கம் இழுக்குது. ரெண்டு பேர் உக்காந்தா நடுக்கம் அதிகமாகுது. கிளட்ச் பிடிச்சா நின்னுருது. ரெண்டு பக்கக் கோடு ஒண்ணா இல்ல, பாருங்க." அப்புறம் யாரும் 'ஓட ஓட சரியாயிரும்' என்று சொல்ல மாட்டார்கள்.

அந்த வார்த்தையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தளரும், அதற்காக ஒரு தடவை சரிசெய்ய வேண்டும். ஆனால் கோணலாக மாட்டிய சக்கரம் ஓட ஓட நேராகாது. இறுக்காத நட்டு ஓட ஓட இறுகாது, கழன்றுதான் விழும்.

வண்டியை எடுக்கும்போது நாலு விஷயம் செய்யுங்கள். பழைய செயினையும் பல்சக்கரத்தையும் கேட்டு வாங்குங்கள். சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பில் வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால், பட்டறைப் பக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், பிரேக்கும் போட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் தொய்வையும் நட்டுகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதன் பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினைத் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் போட்டால் போதும்.

எப்போது ஓட்டவே கூடாது?

சக்கரம் இடவலமாக ஆடினால், பிரேக் மிதிக்கும்போது கீழே ஏதாவது இடித்தால், செயின் கண்ணியோ கிளிப்போ கழன்றிருந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அன்றைக்குப் பஸ்ஸில் போங்கள். கூட்டத்துக்குத் தாமதமானால் தாமதம். நானே வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை

குழுக் கணக்கில் ஐந்து ரூபாய் இடித்தாலும் எப்படிக் கேள்வி கேட்கிறோம்? ரசீது எங்கே, தீர்மான நோட்டில் எழுதினீங்களா என்று ஊக்குநரையே நிற்க வைத்துக் கேட்கிறோம். அந்தத் தைரியம் பட்டறை வாசலில் ஏன் போய்விடுகிறது? நமக்குத் தெரியாது என்று நாமே முடிவு பண்ணிவிடுவதால்தான். ஆனால் தினம் ஓட்டுகிற நம் கைக்கும் காலுக்கும் தெரிகிறதே, அது பொய் சொல்லாது. நேற்று இல்லாத நடுக்கம் இன்று இருந்தால், அது உங்கள் மனப்பிரமை இல்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அக்காவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா இன்றைக்கும் என் வண்டியில் ஏறுகிறாங்க. ஆனால் ஏறுவதற்கு முன்னால் குனிந்து அந்த நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாங்க. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நீங்களும் அப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடம் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். என் வண்டியை ஸ்டாண்டு போட்டுக் காட்டுகிறேன். பிறகு அவரவர் வண்டியில், இரண்டு பக்கமும் எத்தனையாவது கோடு என்று பார்த்து என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்கூட்டருக்குச் செயின் கிடையாது, உள்ளே பெல்ட்தான். ஆனாலும் 'கடைசியாக எதில் கை வைத்தார்கள்' என்ற கேள்வி அதற்கும் பொருந்தும். அதனால் ஸ்கூட்டர்காரர்களும் வாருங்கள்.